ஆட்டுக்குடல் தந்தி, வளைந்த வில், ஊன்றுகம்பி இல்லாத செல்லோ... 300 வருடத்துக்கு முந்தைய நாதத்தைத் தேடிப்போன கலைஞர்கள்!

மேடையில் ஒரே ஒரு நாற்காலி. செல்லோவுடன் ஒரு கலைஞர் வந்து உட்கார்கிறார். வழக்கமாக செல்லோவின் அடியிலிருந்து ஒரு கம்பி நீண்டு தரையில் ஊன்றி நிற்கும். இந்த செல்லோவில் அந்தக் கம்பி இல்லை. வாத்தியத்தைத் தன் இரு கெண்டைக்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிறார். கையில் இருக்கும் வில்லும் வித்தியாசம். வேட்டைக்காரரின் வில்லைப்போல வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. தந்திகள் ஸ்டீல் அல்ல, ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தவை.

வாசிக்கத் தொடங்கியதும் முதலில் நாம் கவனிப்பது, சத்தம் குறைவாக இருப்பதைத்தான். இரண்டு நிமிடம் போனதும் இன்னொன்று புரியும். பாட்டு கேட்பதுபோல இல்லை, யாரோ நம் அருகில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கிறது.

இதன் பெயர் 'பரோக் செல்லோ'. ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்து இசையைத்தான் பரோக் இசை என்கிறார்கள். அந்த இசையை, அந்தக் காலத்து வாத்தியத்தில், அந்தக் காலத்து முறையில் வாசித்துப் பார்க்கலாமே என்று 20-ம் நூற்றாண்டில் சிலர் கிளம்பினார்கள். நல்ல வேலையில் இருந்தவர்கள், நன்றாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள், கற்றதைப் பாதி மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டார்கள். ஏன்?

பழைய கடையில் கிடைத்த நோட்டு

இந்தக் கதையின் நடுநாயகம், ஜோஹன் செபாஸ்டியன் பாக். 1685-ல் ஜெர்மனியில் பிறந்தவர். நமக்கும் பழக்கமான பெயர்தான். இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதே பாக்தான்.

பாக் 1717 முதல் 1723 வரை கோத்தன் என்ற சிறிய அரசவையில் இசைத் தலைவராக இருந்தார். தனி செல்லோவுக்கான ஆறு 'சூட்'களை அந்தக் காலத்தில்தான் எழுதினார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. ஒவ்வொரு சூட்டிலும் ஆறு பகுதிகள். தொடக்கத்தில் ஒரு பிரெலூட், பிறகு அந்தக் கால நடன வடிவங்கள். பக்கவாத்தியம் கிடையாது. ஒரு செல்லோ, நான்கு தந்தி, ஒரு மனிதர். அவ்வளவுதான்.

பாக் இறந்த பிறகு இந்த இசை பெரிதாக வெளியே வரவில்லை. 1824-ல் பாரிஸில் முதன்முறையாக அச்சானது. அப்போதும் பலர் இதை விரல் பழகுவதற்கான பயிற்சிப் பாடமாகத்தான் பார்த்தார்கள். நிலைமையை மாற்றியவர் ஸ்பெயின் நாட்டின் பாப்லோ கசால்ஸ். 1890-ல், அவருக்கு 13 வயது. அப்பாவுடன் பார்சிலோனாவில் ஒரு பழைய இசைப் புத்தகக் கடையில் தேடிக்கொண்டிருந்தபோது இந்த நோட்டு கைக்குக் கிடைத்தது. அதன் பிறகு 12 வருடங்கள் தனியாக வாசித்துப் பழகிய பிறகுதான் மேடையில் வாசிக்கத் துணிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1936 முதல் 1939 வரை ஆறு சூட்களையும் இசைத்தட்டில் பதிவு செய்தார். ஆறையும் முழுமையாகப் பதிவு செய்த முதல் கலைஞர் அவர்தான். அன்று முதல், செல்லோ வாசிக்கும் யாருக்கும் இது ஏறித் தீர வேண்டிய மலை.

கசால்ஸ் கொடுத்தது ஆழமான, பெரிய, உணர்ச்சி ததும்பும் வாசிப்பு. உலகம் அதைக் கொண்டாடியது. ஆனால், பாக் காலத்து மனிதர்கள் இதே இசையை எந்த நாதத்தில் கேட்டிருப்பார்கள்? அந்தக் கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

வெட்டிச் சிறிதாக்கப்பட்ட வாத்தியங்கள்

பதில் தேடுவது அவ்வளவு சுலபமில்லை. பழைய செல்லோக்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால், பெரும்பாலானவை பழையபடி இல்லை.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், வெர்மில்லியன் என்ற ஊரில் தேசிய இசை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 'தி கிங்' என்று ஒரு செல்லோ. இத்தாலியின் கிரெமோனா நகரத்து ஆண்ட்ரியா அமாட்டி 16-ம் நூற்றாண்டில் செய்தது. இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய செல்லோ இதுதான் என்கிறார்கள். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸின் சின்னங்கள் அதன் மேல் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். அந்த ஓவியத்தை உற்றுப் பார்த்தால் நடுவில் ஏதோ விடுபட்டதுபோலத் தெரியும். காரணம், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த செல்லோவை வெட்டிச் சிறிதாக்கியிருக்கிறார்கள்.

அந்த ஒன்றுக்கு மட்டுமல்ல, எத்தனையோ பெரிய செல்லோக்களுக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்தது. ஸ்ட்ராடிவாரி செய்த வாத்தியங்களில்கூட அநேகமாக எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் கழுத்தை மாற்றிவிட்டார்கள். மேடைகள் பெரிதாகிக்கொண்டே போனதுதான் காரணம். அரண்மனை அறையில் 50 பேருக்காக வாசித்த வாத்தியம், 19-ம் நூற்றாண்டில் ஆயிரம், இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டியிருந்தது. அதற்காகக் கழுத்தைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள், குதிரையை உயர்த்தினார்கள், உள்ளே தாங்கும் கட்டையைத் தடிமனாக்கினார்கள், தந்தியின் இழுவிசையைக் கூட்டினார்கள். 20-ம் நூற்றாண்டில் குடல் தந்தியின் இடத்துக்கு ஸ்டீல் வந்தது.

கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. அந்தந்தக் காலத்தின் தேவைக்காகச் செய்தார்கள். ஆனால், வெட்டிய மரத்தை மறுபடி ஒட்ட முடியாதே! இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் 'மெடிசி' டெனர் வயோலா என்று ஒன்று இருக்கிறது. ஸ்ட்ராடிவாரி 1690-ல் செய்த அந்த வாத்தியம், கை படாமல் அப்படியே தப்பித்தது. அதுபோலத் தப்பியவை அபூர்வம். அவற்றையும், பழைய ஓவியங்களையும், பழைய பாடப் புத்தகங்களையும் வைத்துத்தான் இன்றைய கைவினைஞர்கள் பரோக் செல்லோவைப் புதிதாகச் செய்கிறார்கள். 'பழைய மாதிரி வாத்தியம்' என்பதன் அர்த்தம் இதுதான். மரம் புதிது, அளவும் அமைப்பும் பழசு.

என்னதான் வித்தியாசம்?

*தந்தி:* தமிழில் 'நரம்புக் கருவி' என்று சொல்கிறோமே, அந்தச் சொல் இங்கே அப்படியே பொருந்தும். ஆட்டின் குடலைச் சுத்தம் செய்து, ஈரமாக இருக்கும்போதே முறுக்கி, காயவைத்து, வழவழப்பாகத் தேய்த்து எடுப்பதுதான் குடல் தந்தி. 1660-களில் இதன் மேல் உலோகக் கம்பியைச் சுற்றும் நுட்பம் வந்தது. அதுவரை, கீழ் ஸ்தாயி நன்றாகக் கேட்க வேண்டுமானால் தந்தி நீளமாக இருக்க வேண்டும், வாத்தியமும் பெரிதாக இருக்க வேண்டும். கம்பி சுற்றிய தந்தி வந்ததும், சிறிய உடம்பிலேயே கனமான நாதம் கிடைத்தது. விரல்கள் வேகமாக ஓட முடிந்தது. இத்தாலியின் பொலோன்யா நகரில் செல்லோ தனி வாத்தியமாகத் தலையெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அங்கே சான் பெட்ரோனியோ தேவாலயத்தில் வாசித்த டொமெனிகோ கேப்ரியெல்லி, 1689-ல் தனி செல்லோவுக்காக எழுதிய இசை இன்றும் வாசிக்கப்படுகிறது.

குடல் தந்திக்கு ஒரு குணம் உண்டு. வெயில் அடித்தால் ஒரு சுருதி, மழை பெய்தால் ஒரு சுருதி. மேடையின் விளக்குச் சூடே போதும், அது நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பகுதிக்கு நடுவிலும் கலைஞர் சுருதி சேர்த்துக்கொண்டே இருப்பார். ஆனால், வில் தொட்ட கணத்தில் லேசான சொரசொரப்போடு நாதம் பிறக்கும். நாம் பேசும்போது க, ச, த என்று மெய்யெழுத்து முதலில் வந்து விழுமே, அதுபோல!

*வில்:* இன்றைய வில்லின் வடிவத்தை 1780-களில் பாரிஸ் கைவினைஞர் பிரான்ஸ்வா துர்த் நிலைநிறுத்தினார். அது உள்பக்கமாக வளைந்தது. நுனி முதல் அடி வரை ஒரே பலத்தில் நீண்ட ஸ்வரத்தை இழுக்க முடியும். பரோக் வில் அதைவிட லேசானது. கீழ்நோக்கி இழுத்தால் அழுத்தம், மேல்நோக்கித் தள்ளினால் மென்மை, நுனிக்குப் போகப் போகத் தானாகவே நாதம் கரையும். இதைக் குறை என்று நினைத்துத்தான் பிற்காலத்தில் சரிசெய்தார்கள். பாக் எழுதியதோ நடன இசை. நடனத்தில் ஓர் அடி அழுத்தமாக விழும், அடுத்த அடி லேசாகப் படும். அந்த வில்லிலேயே தாளம் ஒளிந்திருக்கிறது.

*பிடிக்கும் விதம்:* செல்லோவின் அடியில் கம்பி வைப்பதை 19-ம் நூற்றாண்டில் பரவலாக்கியவர் பெல்ஜியம் கலைஞர் அட்ரியன் பிரான்ஸ்வா செர்வே. அதற்கு முன்பு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டோ, சிறிய முக்காலிமேல் ஏற்றி வைத்தோ வாசித்தார்கள். வில் பிடிப்பதிலும் ஒரே விதி இல்லை. பாரிஸில் 1741-ல் மிஷெல் கொரெட் வெளியிட்ட செல்லோ பாடப் புத்தகத்திலேயே மூன்று விதமான பிடிகள் சொல்லப்பட்டிருக்கின்றன.

*சுருதி:* இன்று உலகம் முழுக்க 'ஏ' ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுகள். 1939-ல் ஒரு சர்வதேச மாநாட்டில் முடிவான கணக்கு இது. பாக் காலத்தில் அப்படியொரு பொது அளவே கிடையாது. ஊருக்கு ஊர் சுருதி மாறும். இன்றைய பரோக் கலைஞர்கள் பொதுவாக 415 என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால் அரைக்கட்டை குறைவு. தந்தி தளர்கிறது, நாதமும் தளர்ந்து ஆசுவாசமாகிறது.

*அசைவு:* இன்றைய செல்லோ கலைஞரின் இடது கை விரல், ஒவ்வொரு ஸ்வரத்திலும் நடுங்கிக்கொண்டே இருக்கும். இதை வைப்ராட்டோ என்பார்கள். பரோக் வாசிப்பில் இது எப்போதாவது போடும் நகை மாதிரி. எல்லா ஸ்வரத்துக்கும் போட மாட்டார்கள். அதனால் ஸ்வரம் வெறுமையாக, நேராக வந்து நிற்கும். சுருதி இம்மி பிசகினாலும் பளிச்செனத் தெரிந்துவிடும்.

வேலையை விட்டவர்கள்

இந்தத் தேடலில் முன்னே நடந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் நிகோலஸ் ஹார்னன்கோர்ட். வியன்னா சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் 1952 முதல் 1969 வரை செல்லோ வாசித்தவர். அந்த வேலையில் இருந்துகொண்டே 1953-ல் மனைவி ஆலிஸுடன் சேர்ந்து, பழைய வாத்தியங்களுக்கென்றே 'கான்சென்டஸ் மியூசிகஸ்' குழுவைத் தொடங்கினார்.

இன்னொருவர், நெதர்லாந்தின் ஆன்னர் பில்ஸ்மா. 1934-ல் ஹேக் நகரில் பிறந்தவர். 1959-ல் மெக்சிகோவில் நடந்த பாப்லோ கசால்ஸ் போட்டியில் முதல் பரிசு. 1962-ல் ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற கான்செர்ட்கெபோ ஆர்கெஸ்ட்ராவில் முதன்மை செல்லோ கலைஞர். ஒரு செல்லோ கலைஞர் ஆசைப்படக்கூடிய உச்சமான நாற்காலிகளில் அதுவும் ஒன்று. ஆறே வருடங்களில், 1968-ல் அங்கிருந்து விலகினார். ஹார்ப்சிகார்ட் கலைஞர் குஸ்தாவ் லியோன்ஹார்ட், புல்லாங்குழல் கலைஞர் ஃப்ரான்ஸ் ப்ருகன் இவர்களோடு சேர்ந்து பழைய இசையின் பக்கம் வந்துவிட்டார். 1979-ல் பாக்கின் ஆறு சூட்களையும் பரோக் செல்லோவில் பதிவு செய்தார். கசால்ஸின் பதிவில் பிரசங்கம்போலக் கேட்ட இசை, பில்ஸ்மாவின் கையில் உரையாடலாக மாறியிருந்தது.

1992-ல் இரண்டாவது முறையாகப் பதிவு செய்தபோது அவர் எடுத்துக்கொண்டது, வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கும் 1701-ம் வருடத்து ஸ்ட்ராடிவாரி செல்லோ. வெட்டுக்குத் தப்பிய பெரிய அளவு வாத்தியங்களில் ஒன்று. அதன் பெயர் 'செர்வே'. ஆமாம், செல்லோவுக்குக் கம்பி ஊன்றிய அதே செர்வே வைத்திருந்த வாத்தியம்தான்!

அன்னா மக்தலேனாவின் கையெழுத்து

வாத்தியம் கிடைத்துவிட்டது. ஆனால், எதை வாசிப்பது? பாக் தன் கையால் எழுதிய செல்லோ சூட்களின் மூலப்பிரதி கிடைக்கவே இல்லை. நம்மிடம் இருப்பவை நகல்கள்தான். அவற்றில் மிக முக்கியமானது, பாக்கின் இரண்டாவது மனைவி அன்னா மக்தலேனா எழுதியது. இப்போது பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது.

அன்னா மக்தலேனா தொழில்முறைப் பாடகி. 1721-ல் பாக்கைத் திருமணம் செய்தார். 13 குழந்தைகளைப் பெற்றார். இத்தனைக்கும் நடுவில், கணவரின் இசையை நகலெடுக்கும் வேலையையும் செய்தார். பாக் இறந்த பிறகு, தர்மப் பணத்தில் வாழ்ந்து 1760-ல் வறுமையில் இறந்துபோனார்.

செல்லோ இசையில், எந்தெந்த ஸ்வரங்களை ஒரே வில்வீச்சில் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதைக் காட்ட ஸ்வரங்களின் மேல் ஒரு வளைகோடு போடுவார்கள். அன்னாவின் நகலில் இந்தக் கோடுகள் ஒரே சீராக இல்லை. ஒரே மாதிரியான இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கும். கோடு எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது என்பதே சில இடங்களில் குழப்பம். 'பாவம், வீட்டு வேலைக்கு நடுவில் அவசரமாக எழுதியிருப்பார்' என்று சொல்லி, பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் தங்கள் விருப்பப்படி 'திருத்தி' அச்சடித்தார்கள்.

பில்ஸ்மா இதை ஏற்கவில்லை. அன்னாவுக்கு இசை தெரியும், பார்த்ததைத்தான் எழுதியிருப்பார், அவர் போட்ட கோடுகளை அப்படியே வாசித்துப் பாருங்கள் என்று வாதாடினார். அதற்காக 1998-ல் 'பாக், த ஃபென்சிங் மாஸ்டர்' என்று ஒரு புத்தகமே எழுதினார். சமச்சீராக இல்லாத அந்த வில்வீச்சுகள் இன்றைய வில்லில் கோணலாகத் தெரியலாம். பரோக் வில்லில் அதே இடங்கள் பேச்சின் ஏற்ற இறக்கம்போல உயிர் பெறும் என்பது அவர் கட்சி. எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை, விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால், 'கவனக்குறைவு' என்று ஒரு பெண்ணின் மேல் எழுதப்பட்ட பழியை ஒரு வாத்தியத்தை வைத்து மறுவிசாரணை செய்தார்களே, அது சாதாரண விஷயமா?

ஐந்தாவது தந்தியின் மர்மம்

ஐந்தாவது சூட்டில் பாக் ஒரு வேலை செய்கிறார். மேல் தந்தியை 'ஏ'யிலிருந்து 'ஜி'க்கு இறக்கச் சொல்கிறார். மொத்த வாத்தியமும் இருண்டுபோன குரலில் பேச ஆரம்பிக்கும்.

ஆறாவது சூட் இன்னும் விசித்திரம். ஐந்து தந்தி உள்ள வாத்தியத்துக்கு அது எழுதப்பட்டது. நான்கு தந்தி செல்லோவில் வாசிப்பவர்கள் விரலை ஒடித்துக்கொள்ளாத குறையாக மேல் ஸ்தாயியில் ஏறி இறங்குவார்கள். ஐந்து தந்தி சிறிய செல்லோவில் அதே இசை இயல்பாகப் பாய்கிறது. இதிலும் ஒரு தகராறு உண்டு. பாக் மனதில் வைத்திருந்தது, கழுத்தில் வார் மாட்டி, கிட்டார்போல மார்பின் குறுக்கே பிடித்து வாசிக்கும் 'தோள் செல்லோ'வாகவும் இருக்கலாம் என்கிறார்கள் சிலர். பெல்ஜியத்தின் சிகிஸ்வால்ட் குய்கென் அப்படியொரு வாத்தியத்தில் ஆறு சூட்களையும் பதிவு செய்திருக்கிறார்.

இது நிஜமா, வேஷமா?

எதிர்க் கேள்வி இல்லாமல் இல்லை. 'வாத்தியத்தைப் பழசாக்கலாம், காதைப் பழசாக்க முடியுமா?' என்பதுதான் அது. நாம் ஹெட்போனில், சினிமாவில், டிராஃபிக் இரைச்சலில் வளர்ந்த காது உள்ளவர்கள். 1720-ல் வாழ்ந்தவரின் காது நமக்கு வராது. அமெரிக்க இசை ஆய்வாளர் ரிச்சர்ட் டரஸ்கின் 1995-ல் வெளியிட்ட 'டெக்ஸ்ட் அண்ட் ஆக்ட்' நூலில் இன்னும் கூர்மையாகக் குத்தினார். பழமை என்ற பெயரில் இவர்கள் வாசிப்பது உண்மையில் 20-ம் நூற்றாண்டின் ரசனையைத்தான் என்பது அவர் வாதம்.

அதில் நியாயம் இருக்கிறது. 415 என்ற சுருதியே இன்றைய வசதிக்காகச் செய்துகொண்ட சமரசம்தானே? அதனால்தான் இன்று பலர் 'இதுதான் அசல்' என்று சொல்வதில்லை. 'அந்தக் காலத்தைப் படித்துத் தெரிந்துகொண்டு வாசிக்கிறோம்' என்று மட்டும் சொல்கிறார்கள். ஸ்டீல் தந்தியில் வாசிப்பவர்களும் இவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு, வைப்ராட்டோவைக் குறைத்து, நடனத் தாளத்தை மீட்டு வாசிக்கிறார்கள். பில்ஸ்மாவின் மாணவர் பீட்டர் விஸ்பெல்வே, இதே ஆறு சூட்களை மூன்று முறை, மூன்று விதமாகப் பதிவு செய்திருக்கிறார். முடிவான பதில் என்று ஒன்று இருந்திருந்தால், ஒரு முறையே போதுமே!

2019-ல், 85 வயதில் பில்ஸ்மா காலமானார். அவர் கிளப்பிவிட்ட கேள்விகள் உலகம் முழுக்க இசைக்கல்லூரிகளில் பாடமாகிவிட்டன.

நீங்களும் கேட்டுப் பாருங்கள்!

* முதல் சூட்டின் பிரெலூடிலிருந்து தொடங்குங்கள். இரண்டு, மூன்று நிமிடம்தான். விளம்பரங்களிலும் படங்களிலும் எங்கோ கேட்ட மெட்டாகவே இருக்கும்.
* முதலில் கசால்ஸின் 1930-களின் பதிவு, உடனே பில்ஸ்மாவின் 1979 பதிவு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
* நெதர்லாந்து பாக் சொசைட்டி, பாக்கின் எல்லாப் படைப்புகளையும் வீடியோவாகப் பதிவு செய்து யூடியூபில் இலவசமாகக் கொடுத்துவருகிறது. விரல், வில், கால்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் பார்க்கலாம்.
* போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கீழ் ஸ்தாயி முழுக்கத் தொலைந்துபோகும். ஹெட்போன் அவசியம். சத்தத்தையும் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். வில் தந்தியை உரசும் ஒலிகூடக் கேட்கும்.
* குழந்தைகள் பக்கத்தில் இருந்தால், 'எத்தனை பேர் வாசிக்கிறாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று என்று பதில் வரலாம். கீழே ஒரு ஸ்வரத்தைத் தொட்டு விட்டுவிட்டு மேலே போவார் பாக். விட்ட ஸ்வரம் நம் மனதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரே வாத்தியத்தில் பலர் பேசுவதுபோலத் தோன்றும் ரகசியம் அதுதான்.

சத்தமாக இருப்பதுதான் முன்னேற்றம் என்று நினைத்த ஒரு காலத்தில், வாத்தியங்கள் வெட்டப்பட்டன, தந்திகள் மாறின, மென்மையாகப் பேசும் ஒரு குரல் காணாமல் போனது. அதை மறுபடி கேட்க வேண்டும் என்பதற்காகச் சிலர் நல்ல நாற்காலிகளை விட்டு எழுந்துபோனார்கள். அவர்கள் கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு பாக் காலத்து நாதமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால், அதைக் கேட்க நாம் காதைக் கொஞ்சம் கூர்மையாக்க வேண்டியிருக்கிறது. இரைச்சலுக்கே பழகிப்போன நமக்கு, அந்தப் பயிற்சியே ஒரு லாபம்தான்!